விடுதி வாசலில் கேட்கக் கூடாதது

மாநிலங்களின் பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நடுவில் ஒரு தார்ச்சாலை. அதற்குக் கிழக்கே ஒரு மாநிலம், அங்கே பள்ளிக்கூடம். மேற்கே இன்னொரு மாநிலம், அங்கே அதே பள்ளியின் விடுதி.

பள்ளி உளவியலாளர் ஞானசௌந்தரியின் உரிமம் கிழக்கே மட்டும்தான் செல்லும். ஒரு மாநிலத்தின் உரிமத்தை மற்றதும் ஏற்கும் ஒப்பந்தத்தில் இரண்டு அரசுகளும் கையெழுத்துப் போட்டாயிற்று. ஆனால் திங்கட்கிழமைதான் அது நடைமுறைக்கு வரும். போன மாதம் விடுதியில் வைத்து ஒரு மாணவனுக்கு உளவியல் சோதனை நடத்தியதற்கு உரிம அலுவலகத்திலிருந்து அவருக்கு நோட்டீஸ் வந்திருந்தது. இன்னொரு முறை என்றால் உரிமமே போய்விடும்.

வியாழக்கிழமை, பள்ளி விட்ட பிறகு, பத்து வயது செவ்வந்தி விடுதி வாசலில் அவரை மறித்தாள். மறுநாளிலிருந்து மூன்று நாள் பள்ளிக்கு விடுமுறை. "மிஸ், ஒண்ணு சொல்லணும். பயமா இருக்கு."

"திங்கட்கிழமை ஸ்கூலுக்கு வந்து சொல்லும்மா. இங்க வச்சு நான் எதுவும் கேக்கக் கூடாது."

சாலையில் பள்ளி வேன் நின்றது. ஓட்டுநர் அதில் சாய்ந்து நின்றான். அவனைப் பார்த்ததும் செவ்வந்தி உள்ளே போய்விட்டாள்.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, விடுதியில் சமைக்கும் பேச்சியம்மாளிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.  பேச்சியம்மாள் சத்தியத்தைக் காற்றில் பறக்கவிட்டுத் தலைமையாசிரியையிடம் ஓடினார்.

"அந்த வேன்காரன் புள்ளைகிட்ட தப்பா நடக்கிறாம்மா. சனிக்கிழமை ஊருக்கு அனுப்புறப்ப அவன் வண்டியில ஏத்தாதீங்க."

"சமையல் பாக்குறவங்க சொன்னாங்கன்னு நான் என்னன்னு எழுதுறது? திங்கட்கிழமை சைக்காலஜி மேடம் முறைப்படி விசாரிக்கட்டும்."

சனிக்கிழமை அவளை அதே வேனில் ஏற்றினார்கள். ஓடும் வேனிலிருந்து அவள் குதித்துவிட்டாள். உயிர் தப்பியது, காலில் இரண்டு எலும்பு முறிந்தது.  இப்படியும் நடக்குமா?

உளவியலாளர் சட்டத்தை மீறவில்லை. தலைமையாசிரியை தகுதியுள்ளவர் விசாரிக்கட்டும் என்று காத்திருந்தார். பேச்சியம்மாள் குழந்தைக்குக் கொடுத்த வாக்கை உடைத்தார். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: பேச்சியம்மாள். குழந்தைக்கு ஆபத்து என்னும்போது சத்தியமாவது ஒன்றாவது! அவர் நேரே போலீசுக்கே போயிருக்கலாம், அது ஒன்றுதான் குறை. உரிமம் என்பது சோதிக்கவும் சிகிச்சை தரவும்தான். ஓட்டுநரைப் போலீஸ் பிடித்த அன்று, ஞானசௌந்தரி செவ்வந்தி இருந்த ஆஸ்பத்திரியிலிருந்தே உரிம அலுவலகத்துக்குப் போன் செய்து, வாசலில் நின்று அந்தக் குழந்தை சொன்னதைக் கேட்டிருக்கலாமா என்று விசாரித்தார். "காது குடுத்துக் கேக்கிறதுக்கு எதுக்கு மேடம் லைசன்ஸ்?" என்றார் அலுவலர். அதன்பிறகு செவ்வந்தியின் அறைக்குள் போக ஞானசௌந்தரிக்குக் கால் வரவில்லை.