முப்பது வருஷம் தாண்டி வந்த கையெழுத்து

கூழாங்குறிச்சிக்காரர்கள் மீது யாரும் ஒரு குறை சொல்லிவிட முடியாது. சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். அந்த ஊருக்கு வந்த கஷ்டமெல்லாம் அதனால்தான் வந்தது.

ஆற்றுத் தண்ணீரை ஊர் வயலுக்கும் கீழே இருக்கிற டவுனுக்கும் பிரித்துவிடத் திட்டம் போட வேண்டும் என்று ஓர் இன்ஜினியர் அம்மாள் ஜீப்பில் வந்தார். ஐந்து பேரைக் குழுவாக்கினார். "இன்னைக்கு இருக்கிறவங்களை மட்டும் பாக்காதீங்க. முப்பது வருஷம் கழிச்சு இருக்கப்போறவங்க என்ன சொல்வாங்கன்னு கேட்டு எழுதுங்க. எழுதி முடிக்கிற வரைக்கும் மதகைத் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

குழுவின் செயலாளர் வீரக்கண்ணு. நாற்பத்திரண்டு வயது, ஒன்றரை ஏக்கர் நெல். கதிர் பால் பிடிக்கிற சமயம். நாலு நாளில் தண்ணீர் பாயாவிட்டால் அத்தனையும் பதர்தான். ஆனாலும் அவர் மதகைத் தொடவில்லை. வேறு எவனாவது தொட்டுவிடப் போகிறான் என்று தடியோடு காவலும் இருந்தார்.

முதல் நாள், முப்பது வருஷம் கழித்து இருக்கப்போகிறவர்களுக்காக வரிசையாக நாற்காலி போட்டு, டீ வாங்கி வைத்துக் காத்திருந்தார்கள். டீ ஆறியதுதான் மிச்சம்.

"ஒருத்தரும் வரலையே" என்றார் தலைவர் சுப்புரத்தினம்.

"முப்பது வருஷத் தூரம்ணே. அங்க பஸ் வசதி எப்படியோ?" என்றார் குழுவில் இருந்த காத்தமுத்து. அது நியாயம்தான் என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

இரண்டாம் நாள் தலைவருக்கு மூளை வேலை செய்தது. "யோவ் வீரக்கண்ணு, முப்பது வருஷம் கழிச்சு நீ இருப்பியா?"

"ஆண்டவன் புண்ணியத்துல இருப்பேண்ணே."

"அப்ப நீயே வந்து சொல்லிட்டுப் போயேன்யா!"

வீரக்கண்ணு வீட்டுக்கு ஓடினார். மனைவி மரகதம் அவர் தலையிலும் மீசையிலும் அரிசி மாவைப் பூசி, கையில் ஒரு கம்பைக் கொடுத்து அனுப்பினாள். எழுபத்திரண்டு வயசு ஆள் குனிந்து இருமிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் குழுவே எழுந்து நின்றது.

"ஐயா, உங்க வயலுக்கு எவ்வளவு தண்ணி வேணும்?" என்று பணிவாகக் கேட்டார் தலைவர்.

வீரக்கண்ணு பொய் சொல்லத் தெரியாத மனிதர். கண்ணை மூடி யோசித்தார். முழங்கால் நிஜமாகவே வலித்தது.

"இந்த வயசுல நான் சேத்துல எறங்க முடியுமா தம்பி? மகன் என்னை டவுனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். அங்க குழாயில சொட்டுத் தண்ணி கெடையாது. மொத்தத்தையும் டவுனுக்கே விட்டுருங்க."

நடுங்கும் கையால் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் தலையைக் கழுவிக்கொண்டு வயலைப் பார்த்தார். மண் வெடித்துக் கிடந்தது. அழுகையும் கோபமும் பொத்துக்கொண்டு வர, வீட்டுக்கு ஓடினார்.

"யாரு மரகதம் அந்தக் கெழவன்? கையெழுத்துப் போட்டு என் வயித்துல அடிச்சுட்டுப் போயிட்டானே!"

"என்னங்க, நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

"நானா? என்னைப் பாத்தாக் கெழவன் மாதிரியா இருக்கு?"

மரகதம் உற்றுப் பார்த்தாள். "இல்லதான். அந்த ஆளைப் பாத்தப்பவே எனக்குப் பிடிக்கல."

மூன்றாம் நாள் வீரக்கண்ணு கிழவர் மேல் புகார் கொடுத்தார். இரண்டு தரப்பையும் விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்வது தர்மம் இல்லை என்று குழு கிழவரை வரச் சொன்னது. கிழவர் வந்தார்; அப்போது வீரக்கண்ணுவைக் காணோம். வீரக்கண்ணுவுக்கு ஆள் விட்டார்கள். அவர் வந்ததும் கிழவரைக் காணோம்.

"ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கப் பயம்" என்றார் காத்தமுத்து.

நான்காம் நாள் காலையில் வீரக்கண்ணு தலையில் இடது பாதிக்கு மட்டும் மாவு பூசிக்கொண்டு வந்தார். சண்டை பிரமாதமாக நடந்தது. வலது பக்கம் "என் பொழப்பு போச்சே" என்று அழுதது. இடது பக்கம் "எனக்குக் குடிக்கத் தண்ணி இல்லையே" என்று இருமியது. கேட்டவர்கள் கண்கலங்கிப் போனார்கள்.

குழு கூடிப் பேசித் தீர்ப்புச் சொன்னது. மதகைத் திறந்தால் வயலுக்கு, மூடினால் டவுனுக்கு. ஆகவே திறக்கும் உரிமை வலது கைக்கு, மூடும் உரிமை இடது கைக்கு.

வீரக்கண்ணு மதகின் மேல் ஏறினார். வலது கை மதகுச் சக்கரத்தைச் சுற்றித் திறந்தது. இடது கை மூடியது. சாயங்காலம் வரை இரண்டு கையும் விட்டுக்கொடுக்கவில்லை. வயலும் நனைந்தது, டவுன் குழாயிலும் தண்ணீர் வந்தது. இப்படி ஒரு பங்கீட்டை எந்த நிபுணர் வகுத்தார் என்று இன்ஜினியர் அம்மாள் கடிதம் போட்டுக் கேட்டார். இரண்டு பேர் என்று பதில் போட்டார்கள்.

கதிர் பிழைத்தது. அறுவடை முடிந்து புது அரிசி பொங்கிய அன்று வீரக்கண்ணுவுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. இலைச் சோற்றின் நடுவே விரலால் ஒரு கோடு கிழித்தார்.

"மரகதம், இந்தப் பாதி கெழவருக்கு. என்ன இருந்தாலும் பெரியவர். பல்லு வேற இருக்காது, கொஞ்சம் கொழைய வேக வெச்சுரு."

"எதுக்குங்க வெறகைச் செலவு பண்ணணும்?" என்று அந்தப் பாதியை ஒரு சட்டியில் அள்ளித் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தாள் மரகதம். "அவர் வர இன்னும் முப்பது வருஷம் இருக்கே, அதுக்குள்ள ஊறித் தன்னால கொழைஞ்சுரும்."