சனிக்கிழமை அடித்த மணி

மலைமேலிருந்த அந்த இத்தாலியக் கிராமத்துக்கு யூத மதகுரு ரபி எலியாசர் தலை நரைத்த பிறகுதான் திரும்பி வந்தார்.

ஜெர்மன் சிப்பாய்கள் யூதர்களைத் தேடித் தேடிப் பிடித்துப்போன காலத்தில், சிறுவனாக இருந்த அவரும் அவர் தாயும் இரண்டு குளிர்காலம் இங்கே பிழைத்துக் கிடந்தார்கள். அசுந்தா என்ற விதவையின் அடுக்களைக்கு அடியில், வெளிச்சமே புகாத நிலவறையில். இப்போது அந்த அசுந்தாவின் அடக்கத்துக்கு வந்திருந்தார். துணைக்கு வந்தவன் சீடன் அஸ்ரியேல். யூத மதச் சட்டத்தில் நூலிழை பிசகினாலும் அவனுக்குத் தூக்கம் வராது.

அடக்கம் முடிந்ததும் ரபி நிலவறைக்குள் இறங்கினார். பழைய பாலாடைக்கட்டி வாசம் இன்னும் போகவில்லை. ஒரு கல்லைத் தடவிக் கொடுத்தார்.

"இதன்மேல்தான் அம்மா விளக்கு வைப்பாள். வெள்ளி மாலை ஏற்றினால் சனி மாலைவரை எங்களுக்கு ஓய்வுநாள். இந்தப் பொந்தில்கூட ஒன்றையும் தவறவிடவில்லை என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கென்று மிஞ்சிய பெருமை அது ஒன்றுதான்."

அவரைத் தனியே விட்டு அஸ்ரியேல் வெளியே வந்தான். மாதா கோயில் மணியடிக்கும் கிழவர் நெல்லோ திராட்சை மதுவை நீட்டினார். அவன் வேண்டாமென்றான். உங்கள் ஆட்களுக்கு வாயைக் கட்டியே பழக்கம் என்று கிண்டல் செய்துவிட்டு, கிழவர் பழைய கதையை எடுத்தார்.

தாயும் பிள்ளையும் காட்டில் அலைந்து, நாள் கிழமை மறந்து வந்தவர்கள். அந்த அம்மா கேட்டது வெள்ளிக்கிழமைக்கு இரண்டு மெழுகுவர்த்தி, அவ்வளவுதான். ஆனால் வெள்ளிதோறும் சிப்பாய்கள் அசுந்தாவின் அடுக்களையில்தான் உட்கார்ந்து குடிப்பார்கள். பலகை இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் தீர்ந்தது. முடியாது என்று சொல்லவும் அசுந்தாவுக்கு வாய் வரவில்லை. வியாழக்கிழமையே மெழுகுவர்த்தியைக் கொடுத்து, இன்றுதான் வெள்ளி என்று சொல்லிவிட்டாள்.

"அப்புறம்தான் வம்பு" என்றார் நெல்லோ. "கீழே இருப்பவர்கள் மணிச் சத்தத்தை வைத்துத்தானே நாள் எண்ணுவார்கள்? ஞாயிறு மணி ஒரு நாள் பிந்திக் கேட்டால் பொய் வெளிப்பட்டுவிடாதா? அசுந்தா போய்ச் சொன்னதும் கோயில் சாமியார் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு ஞாயிற்றுக்கிழமை மணியைச் சனிக்கிழமையே அடிக்கச் சொன்னார். வாரந்தோறும் ஊரே அன்றைக்கு வேலையை விட்டுப் பூசைக்குப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஏர் பூட்டியது. குடித்துவிட்டு இங்கேயே தூங்கிப்போன சிப்பாய் ஒருவன் கேட்டான், சனிக்கிழமை ஏன் மணியடிக்கிறது என்று. எங்கள் ஊரில் புனிதர்கள் கொஞ்சம் அதிகம் என்றார் சாமியார்."

கிழவர் சிரித்தார். அஸ்ரியேலுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தாய் ஏற்றிய அத்தனை விளக்கும் வியாழக்கிழமை விளக்கு; அவள் காத்த ஓய்வுநாள் எல்லாம் வெறும் வெள்ளிக்கிழமை.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தான். மலை இறங்கும்போது பாதி வழியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

ரபி நின்றுவிட்டார். அவர் தாய்க்கு மிஞ்சியிருந்த ஒரே பெருமையையும் உடைத்துவிட்டோமே என்று அஸ்ரியேல் வருந்தினான்.

ரபி கேட்டார்.

"மணி அடித்தது சனிக்கிழமையா?"

"ஆமாம், ரபி."

"அன்று ஏர் பூட்டவில்லையா?"

"யாரும் பூட்டவில்லை."

"சந்தைக்கு?"

"போகவில்லை. ஊரே ஓய்ந்திருந்ததாம்."

"இரண்டு குளிர்காலமுமா?"

"இரண்டும்தான். ஆனால் சட்டப்படி உங்கள் அம்மா..."

ரபி திரும்பி, மேலே தெரிந்த மணிக்கூண்டைப் பார்த்தார்.

"அம்மா சொன்னது சரிதான், அஸ்ரியேல். அந்த ஊரில் ஒரு ஓய்வுநாள்கூடத் தவறவில்லை. எங்களுக்காக மேலே இருந்தவர்கள் காத்தார்கள்."