தற்காலிகத்துக்கு எவ்வளவு இடம்

"அம்மா, இந்தப் பெட்டி என் உயிரை வாங்குகிறது" என்றார் தில்லைநாயகம்.

பொதுப்பணித் துறையில் ஓய்வுபெற்ற பிறகு ஞானம் தேடி மடத்துக்கு வந்தவர். குரு குழல்மொழி அவரைவிட இருபது வயது இளையவர். தில்லைநாயகம் சமையற்கட்டில் உப்பை மறந்துகொண்டே இருந்ததால், மடத்தின் இணையத்துக்குக் காவல் நிற்கும் ஃபயர்வால் பெட்டியை அவரிடம் ஒப்படைத்திருந்தார்கள்.

"என்ன செய்கிறது?"

"அதற்கு டிஸ்க் கிடையாது. இருக்கிற மெமரியிலேயே ஒரு பங்கைத் தற்காலிகக் குறிப்புகளுக்கு ஒதுக்க வேண்டும். யார் வந்தார்கள், யாரைத் தடுத்தோம், எல்லாம் அங்கேதான். கொஞ்சமாக ஒதுக்கினேன், இடமில்லை என்று முரண்டு பிடித்தது. சரி போ என்று முக்கால்வாசியைக் கொடுத்தேன்."

"பிறகு?"

"மூச்சடைத்து விழுந்துவிட்டது. அதுவும் உங்கள் சொற்பொழிவின் நடுவில். 'ஆகவே மோட்சம் என்பது' என்றீர்கள். அதோடு சரி. இணையத்தில் கேட்டுக்கொண்டிருந்த மலேசியாக்காரர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்."

குழல்மொழி சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"இன்று மாலை ஒளிபரப்பும் நின்றால் காரியஸ்தர் என்னைத் தேங்காய் துருவ அனுப்பிவிடுவார். ஒரே ஒரு எண் சொல்லுங்கள், அம்மா. எவ்வளவு ஒதுக்கட்டும்?"

"இன்று வாசலில் போய்க் காவல் நில்லுங்கள், ஐயா."

அந்த மடத்துக்குள் வெறுங்கையோடுதான் போக வேண்டும். கொண்டுவந்ததை வாசற்காவலரிடம் கொடுப்பார்கள். அவர் தரையில் வைக்கக் கூடாது. கையில்தான் வைத்திருக்க வேண்டும்.

குடை வந்தது. கைப்பை வந்தது. இன்னொரு குடை வந்தது.

காற்று வந்தது. யாரையும் கேட்காமல் உள்ளே போயிற்று.

பலாப்பழத்தோடு ஒருத்தி வந்தாள். "கனக்குமே, ஐயா."

"கொடுங்க தாயி. இன்னும் இடம் இருக்கு."

குரு சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஓர் ஆடு வந்தது.

"அம்மா! ஆடு!"

"தடுங்கள். காவலுக்குத்தானே நிற்கிறீர்கள்?"

"கை எங்கே இருக்கிறது?"

ஆடு அவரை நிமிர்ந்து பார்த்தது. ஆபத்தில்லாத மனிதர் என்று தெரிந்துகொண்டு, நிதானமாக உள்ளே நடந்தது. சற்று நேரத்தில் பூசை மண்டபத்திலிருந்து காரியஸ்தரின் அலறல் கேட்டது.



தில்லைநாயகம் குடைகளுக்கு அடியிலிருந்து தன் வலக்கையை மெல்ல உருவினார். நெடுநாள் பிரிந்திருந்த உறவைப் போல அதைப் பார்த்தார். விரல்களை மடக்கினார். நீட்டினார்.

"அம்மா, இதைக் கொஞ்சம் பிடியுங்கள்."

சுமை முழுவதையும் குருவின் கைகளில் திணித்துவிட்டுப் பெட்டி இருந்த அறைக்கு ஓடினார்.

"எங்கே ஓடுகிறீர்கள்?"

"கால்வாசி போதும், அம்மா! கால்வாசி!"

"அது நிறைந்துபோனால்?"

தில்லைநாயகம் நடு முற்றத்தில் நின்றார். முகம் வாடிவிட்டது.

"தெரியவில்லையே, அம்மா. என்ன செய்வது?"

குழல்மொழி அவரைப் பார்த்தபடியே பலாப்பழத்தைக் கீழே போட்டார்.