ராஜாவை இறக்கிய பேச்சு

மகுடவர்ம ராஜா பல்லக்கை விட்டு இறங்கி மண்ணை மிதித்து வருஷக்கணக்காகிவிட்டது. "ராஜா தானா உயரத்துல இல்லை, நாமதான் தூக்கிப் பிடிச்சிருக்கோம்" என்று ஊர் ஊராய்ப் பேசிய தத்துவ ஞானி அம்பலவாணரைச் சிறையில் போட்டிருந்தார்.

ஒருநாள் ஆற்றைக் கடக்கையில், பல்லக்குத் தூக்கி சடையனை அவர் சீண்டினார்: "அந்தக் கிழவன் பேச்சு ஒரு துரும்பையாவது அசைக்குமாடா? கரை சேர்றதுக்குள்ள காட்டு. இல்லேன்னா உன் தலை இருக்காது!"

"இப்பவே காட்டறேன் மகாராஜா" என்ற சடையன் கூட்டாளிகளைப் பார்த்தான். பல்லக்கு நடு ஆற்றில் இறங்கியது. தண்ணீர் ராஜாவின் இடுப்புவரை ஏறியது.

"வெட்டுங்கடா இவனை!"

கூட வந்த காவலர்களும் அந்தப் பேச்சைக் கேட்டவர்கள்தான். ஈட்டிகளை ஆற்றில் போட்டார்கள்.

"துரும்பு என்ன மகாராஜா, நீங்களே அசைஞ்சிட்டீங்களே!" என்றான் சடையன்.

எல்லோரும் நேரே போய்ச் சிறையைத் திறந்தார்கள். சடையன் ஞானியின் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவர் கூசிப்போனார். "நான் வெறுமனே பேசினேன். செஞ்சது நீங்கதானேப்பா!"

"ஐயா, தோள் வலிக்குதுன்னு எங்களுக்கு எப்பவோ தெரியும். இறக்கி வைக்கலாம்னு நீங்க சொல்லித்தானே தெரிஞ்சுது!"