வயரை உடனே நம்பாத மூவர்

ஓசூர்ப் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் தணிகாசலம், மரியசூசை, பூங்கோதை என்று மூன்று பேர் இருந்தார்கள். போனுக்குள் எல்லாவற்றையும் மேய்க்கிற கெர்னல் என்ற அடிப்படை மென்பொருளில் கைவைப்பது அவர்கள் வேலை. அவர்களை யார் கைவைக்க விட்டது என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஒருநாள் காலை மேனேஜர் கனகவல்லி வந்தார்.

"யுஎஸ்பி வயரைச் செருகினா கெர்னலுக்குத் தெரியணும். செருகும்போது வயர் கொஞ்சம் ஆடும். உடனே நம்பிடக் கூடாது, பொறுத்து உறுதி பண்ணிட்டுத்தான் திரையில காட்டணும். மத்தியானத்துக்குள்ள முடிக்கலைன்னா மூணு பேரையும் மூணு ஊருக்கு மாத்திடுவேன்."

தணிகாசலம் மேஜைமேல் இருந்த டிபன் கேரியரைப் பார்த்தார். ஒன்பது வருஷமாக மூவருக்கும் ஒரே டிபன் கேரியர். சோறு பூங்கோதையுடையது, பொரியல் மரியசூசையுடையது, சாம்பார் அவருடையது. வெறும் சாம்பாரோடு வேற்றூரில் போய் என்ன செய்வார், பாவம்!

"எவ்வளவு நேரம் பொறுக்கணும்?" என்று மற்ற இருவரையும் கேட்டார்.

"ஒரு நொடி" என்றான் மரியசூசை.

"அதுக்கப்புறம் ஆடினா?" என்றாள் பூங்கோதை.

"அப்ப ஒரு மணி நேரம்."

"அதுக்கும் அப்புறம் ஆடினா?"

மூவரும் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்தார்கள். தணிகாசலத்துக்குத்தான் பொறி தட்டியது.

"வயரைப் பிடுங்குற வரைக்கும் பொறுப்போம். செருகாத வயரை எவனாலயும் பிடுங்க முடியாது. பிடுங்கிட்டா, செருகினது உறுதி!"

"உங்க மூளையே மூளைண்ணே!" என்று பூங்கோதை கண்கலங்கினாள்.

மத்தியானம் கனகவல்லி வயரைச் செருகினார். போன் கம்மென்று கிடந்தது. தட்டினார், குலுக்கினார்.

"பொறுங்க மேடம், இன்னும் உறுதியாகலை" என்றான் மரியசூசை.

கால் மணி நேரம் பொறுத்துவிட்டு, வெறுத்துப்போய் வயரைப் பிடுங்கி எறிந்தார். டிங்! 'வயர் செருகப்பட்டது' என்றது திரை. மூவரும் கைதட்டினார்கள். கனகவல்லி தட்டவில்லை.

அன்றைக்கே மாற்றல் உத்தரவு வந்தது. பஸ் நிலையத்தில் டிபன் கேரியரில் ஆளுக்கொரு அடுக்கைக் கையில் வைத்துக்கொண்டு மரியசூசையும் பூங்கோதையும் உதட்டைப் பிதுக்கினார்கள். தணிகாசலம் அதட்டினார்: "அழாதீங்க. எதையும் உடனே நம்பிடக் கூடாது."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கோவை, மதுரை, நெல்லை என்று ஏறிப் போனார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் கனகவல்லி எட்டிப் பார்த்தால், அதே மேஜையில் அதே மூவர், நடுவில் அதே டிபன் கேரியர்.

"உங்களைத்தான் பிரிச்சு அனுப்பிட்டேனே!"

தணிகாசலம் சாம்பாரை ஊற்றியபடி பணிவாகச் சொன்னார்: "அதைத்தான் மேடம் உறுதி பண்ணிட்டிருந்தோம். இப்ப ஒண்ணு சேர்ந்துட்டோம். பிரியாதவங்க ஒண்ணு சேர முடியுமா? ஆகவே, நாங்க பிரிஞ்சது உறுதி."

அவ்வளவுதான். பிரிவைத் தாங்க முடியாமல் மூவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்கள்.