காயாத கையெழுத்து

"ஆசானே, ஒர்சோலா சீமாட்டியின் படத்துக்கான ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டான் லூப்போ.

"முகத்தையும் கைகளையும் தாதேயோவே தன் கையால் தீட்ட வேண்டும் என்று" என்றார் ஆசான் தாதேயோ.

"தீட்டியது யார்?"

"நீ."

லூப்போவுக்கு அந்த ஒரு சொல் போதவில்லை. ஃப்ளோரன்ஸ் நகரத்தில் அந்தப் பட்டறைக்கு அவன் வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. முதலில் உடுப்பு மடிப்புகளை மட்டும் வரைந்தான். பிறகு கைகளை. ஆசானின் விரல்கள் நடுங்கத் தொடங்கியதும் முகங்களும் அவன் தலையில் விழுந்தன. நகரத்துப் பெரிய மனிதர்களில் பாதிப் பேருக்கு மூக்கு வைத்தவன் அவன்தான். தாடி நரைத்துவிட்டது. அவன் பேர் அடுத்த தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

"படத்தின் கீழே உங்கள் கையெழுத்தைப் போடுவதும் நான்தான். வயிறு எரிகிறது, ஆசானே."

"சரி. உன் முகத்தையே வரை. அதில் உன் பேரைப் போடு. வாசலில் நானே மாட்டுகிறேன்."

சண்டைக்கு வந்தவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

கண்ணாடியை எதிரே வைத்துக்கொண்டு நாற்பது நாள் வரைந்தான். ஆசான் ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை.

பேர் போடுவது ஒன்றுதான் பாக்கி. அன்றைக்கு ஒர்சோலா சீமாட்டி, தன் படம் எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்கப் பட்டறைக்கு வந்தாள். வந்தவள் லூப்போவின் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"தாதேயோ, உங்கள் கைக்கு வயதே ஆகவில்லை. கண்ணிமையை இப்படிப் போட இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?"

அவள் நெருங்கிப் போய்ப் படத்திலிருந்த முகத்தைச் சுட்டினாள்.

"யார் இந்த ஆள்?"

லூப்போ அவளுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தான். அவளுடைய கையுறைகள் அவன் கையில்தான் இருந்தன. உள்ளே நுழையும்போது அவனிடம்தான் கொடுத்திருந்தாள்.

பதிலுக்குக் காத்திராமல் அவற்றை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

லூப்போவுக்கு ரத்தம் கொதித்தது.

"பேர் இல்லாததால்தானே இந்தப் பேச்சு. இதோ போடுகிறேன்."

மெல்லிய தூரிகையைக் கறுப்பில் தோய்த்தான். ஒரே மூச்சில் எழுதி முடித்தான்.

ஆசான் குனிந்து பார்த்தார்.

"படி."

லூப்போ படித்தான். 'தாதேயோ தீட்டியது' என்று இருந்தது.

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவும் இல்லை.

"பதினெட்டு வருடப் பழக்கம், ஆசானே. கை தானாக உங்கள் பேரை எழுதிவிட்டது."

"என் பேரா? அது என் ஆசானின் பேர். என் அம்மா எனக்கு வைத்த பேர் வேறு."

லூப்போ நிமிர்ந்து பார்த்தான்.

"நான் தனியாக வரைந்த முதல் படத்தில் என் கையும் இப்படித்தான் போயிற்று" என்றார் அவர்.

"நீங்கள் என்ன செய்தீர்கள்?"

ஆசான் சாயம் துடைக்கும் எண்ணெய்த் துணியை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"காயும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்."