நான்கு கஷாயமும் ஒரு கிண்ணமும்

வெகுகாலத்துக்கு முன்னே பூம்பொறை நாட்டை வீரவழுதி என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான், ஆனால் மூக்கு நுனியில் கோபம். அவன் அரண்மனையில் தலைக்கு ஒரு வைத்தியர், கண்ணுக்கு ஒருவர், வயிற்றுக்கு ஒருவர், காலுக்கு ஒருவர். ஒருவர் பார்க்கும் உறுப்பை இன்னொருவர் எட்டிப் பார்த்தால் வேலை போய்விடும். அது ராஜாவே போட்ட சட்டம்.

அப்பேர்ப்பட்ட ராஜாவுக்குத் தலைவலி வந்தது. பிறகு வயிற்றெரிச்சல், கண் மங்கல், கால் நடுக்கம். நாற்பது நாள் நால்வரும் கஷாயம் புகட்டினார்கள். ராஜா துரும்பாய் இளைத்ததுதான் மிச்சம்.

தலை வைத்தியர் அகோர பண்டிதருக்கு மந்திரி இளநாகன் மேல் தீராத பொறாமை. "மகாராஜா, இது நோயில்லை, விஷம்! மடைப்பள்ளிச் சமையல் மந்திரியின் பொறுப்பில்தானே இருக்கிறது?" என்று ராஜாவின் காதில் ஊதிவிட்டார்.

ராஜா கொதித்தான். சமையற்காரன் சாத்தனைக் கயிற்றால் கட்டி அவையில் நிறுத்தினார்கள்.

"இளநாகா, உச்சிப்பொழுதுக்குள் விஷத்தைக் காட்டு. இல்லாவிட்டால் இவன் தலையோடு உன் தலையும் உருளும்!"

சாத்தன் ஒரு பாவமும் அறியாதவன் என்று மந்திரிக்குத் தெரியும். அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? வெயில் முற்றத்தின் நடுவுக்கு வந்துகொண்டிருந்தது.

"அரசே, இன்றைய மருந்துகளை வரவழையுங்கள். அவரவர் மருந்தை அவரவரே ஒரு வாய் குடிக்கட்டும்."

நால்வரும் குடித்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"பார்த்தீர்களா மகாராஜா!" என்று பண்டிதர் மீசையை நீவினார். ராஜாவின் கை வாளுக்குப் போனது. சாத்தன் கண்ணை மூடிக்கொண்டான்.

"இன்னும் ஒரே ஒரு வாய்" என்றான் மந்திரி. மிச்சமிருந்த நான்கையும் ஒரே கிண்ணத்தில் ஊற்றிப் பண்டிதரிடம் நீட்டினான். "இதைக் குடியுங்கள்."

பண்டிதர் இரண்டடி பின்வாங்கினார். "ஐயையோ, எல்லாம் சேர்ந்தால் குடல் வெந்துபோகுமே!"

"அரசருக்கு மட்டும் நான்கு வயிறா பண்டிதரே? நாற்பது நாளாய் இதைத்தானே அவர் குடிக்கிறார்!"

பண்டிதரின் முகம் வெளிறியது. "தலைக்குக் கீழே பார்க்க எனக்கு அதிகாரம் இல்லையே..." என்று முனகினார்.

ராஜாவுக்குச் சுருக்கென்றது. வாளை உறைக்குள் தள்ளினான். "அப்படியானால் எனக்கு என்னதான் நோய்?"

"எங்கே வலிக்கிறது என்று நால்வரும் கேட்டார்கள் அரசே. எப்போதிலிருந்து என்று நான் கேட்கிறேன்."

"ராணி இறந்துபோனதிலிருந்து" என்றான் ராஜா. "தனியே உட்கார்ந்தால் சோறு இறங்குவதில்லை இளநாகா. தூக்கமும் இல்லை." அத்தனை பேர் முன்னால் அவன் குலுங்கி அழுதான். மந்திரிக்கும் கண் கலங்கியது.

சாத்தனை அவிழ்த்துவிட்டார்கள். ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். பண்டிதருக்கும் ஓர் உத்தரவு கிடைத்தது: இனி மருந்து அரைக்கும் முன் ஒரு பகலும் ஓர் இரவும் நோயாளியின் வீட்டிலேயே இருந்து, அவன் உண்பதையும் உறங்குவதையும் அழுவதையும் பார்த்துவிட்டு வரவேண்டும்.

அன்று மந்திரியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ராஜா கஞ்சி குடித்தான். கயிற்றுத் தழும்போடு சாத்தன் பரிமாறினான்.

"உப்பே இல்லையே சாத்தா!"

"நாலு வைத்தியரும் ஆகாதுன்னு சொல்லிட்டாங்க மகாராசா."

"நீ என்ன சொல்கிறாய்?"

சாத்தன் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்கினான். ராஜா இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தான்.